போன் தொலைந்துவிட்டதா? இந்த வரிசையில் போங்கள்

போன வருடம் மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுகிற நெரிசலில் என் போன் போய்விட்டது. போனின் விலை 14,000 ரூபாய். அந்த நஷ்டத்தை நான்கைந்து மாதத்தில் மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு அலைந்த பதினொரு நாளை இன்னும் மறக்க முடியவில்லை. முதலில் ஸ்டேஷனுக்கு ஓடினேன், பில் இருக்கிறதா என்றார்கள். பில் மெயிலில் இருந்தது. மெயிலைத் திறக்கப் போனால் ஓடிபி கேட்டது. ஓடிபி போனது தொலைந்த போனுக்கு!

எல்லா வேலையையும் கடைசியில் செய்து முடித்தேன், ஆனால் தலைகீழ் வரிசையில். நீங்கள் அப்படி அலைய வேண்டாம். இங்கே எழுதுவது ஆண்ட்ராய்டு போன், இந்திய சிம் வைத்திருப்பவர்களுக்கு. ஸ்டேஷன் நடைமுறை தமிழ்நாட்டில் நான் பார்த்தது.

1. முதல் பத்து நிமிடம்: கூப்பிடுங்கள், தேடுங்கள்

பக்கத்தில் இருப்பவர் போனை வாங்கி உங்கள் எண்ணுக்கு அடியுங்கள். ஆட்டோவிலோ கடையிலோ மறந்து வைத்த போன் என்றால் பெரும்பாலும் யாராவது எடுத்துப் பேசுவார்கள். கதை அங்கேயே முடிந்துவிடும்.

யாரும் எடுக்கவில்லையா? அதே போனில் உலாவியைத் திறந்து 'ஃபைண்ட் மை டிவைஸ்' என்று தேடுங்கள். கூகுள் இப்போது இதற்கு 'ஃபைண்ட் ஹப்' என்று பெயர் மாற்றியிருக்கிறது. உங்கள் ஜிமெயில் முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போக முடிந்தால் போன் இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும். அங்கிருந்தே மணி அடிக்க வைக்கலாம். சைலன்டில் போட்டிருந்தாலும் ஐந்து நிமிடம் முழுச் சத்தத்தில் அடிக்கும். போனைப் பூட்டி, திரையில் 'இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்று ஒரு வரி போட்டுவைக்கவும் வழி உண்டு. அடுத்தவர் போன் என்பதால் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிடோ) திறங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் வெளியேறுங்கள்.

அந்தப் பக்கத்தில் போனின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தகவல் குறி இருக்கும். அதைத் தொட்டால் ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண், வரும். பெட்டியும் பில்லும் இல்லாதவர்களுக்கு அது பெரிய உதவி. உடனே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் போன் எங்கோ நகர்ந்துகொண்டிருந்தாலோ, அணைத்துவைக்கப்பட்டதாகக் காட்டினாலோ அதோடு விடுங்கள். அந்த இடத்துக்குத் தனியாகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். வரைபடத்தில் தெரியும் புள்ளி பக்கத்து வீடாகவும் இருக்கலாம்.

பத்து நிமிடம் என்று நான் கணக்குச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிம்மை முடக்கினால் போனில் டேட்டா நின்றுவிடும், பெரும்பாலும் வரைபடமும் அத்தோடு நிற்கும். முடக்காமல் விட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் எடுத்தவன் கைக்குப் போகும். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் நான் சிம்மைத்தான் பார்ப்பேன்.

2. சிம்மை முடக்குங்கள்

போனுக்குப் பூட்டு போட்டிருக்கிறேனே, பிறகென்ன என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். எடுத்தவன் உங்கள் போனைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் போதும், உங்கள் எண்ணுக்கு வரும் எல்லா ஓடிபியும் அவனுக்கு வரும்.

அதே நிறுவனத்தின் சிம் உள்ள வேறொரு போனிலிருந்து 198-ஐ அழைத்து, சிம் தொலைந்துவிட்டது, முடக்குங்கள் என்று சொல்லுங்கள். சிம் யார் பெயரில் இருக்கிறது, அவர் பிறந்த தேதி, முகவரி, கடைசியாக எவ்வளவுக்கு ரீசார்ஜ் செய்தீர்கள் என்று கேட்பார்கள். செலவு கிடையாது. புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். 2011-இல் கல்லூரியில் படித்தபோது அக்கா வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த சிம் அது. பத்து வருடத்துக்கு மேல் நான் பயன்படுத்தினாலும் காகிதத்தில் அது என் மச்சான் பெயரில்தான் இருந்தது. அவர் பிறந்த தேதி எனக்குத் தெரியவில்லை. திருப்பூருக்குப் போன் போட்டு, அவர் ஷிப்ட் முடிந்து எடுக்கும்வரை ஒன்றரை மணி நேரம் சும்மா நின்றேன்.

3. வங்கிக்குச் சொல்லுங்கள்

டெபிட் கார்டு, மொபைல் பேங்கிங், யூபிஐ மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். சிம்மை முடக்கியாயிற்றே என்று இதை விட்டுவிடாதீர்கள். போன் திறந்துகொண்டால், வைஃபையில் இணைத்து உள்ளே இருக்கும் செயலிகளை ஓட்டிப் பார்க்க முடியும்.

ஃபிளிப் கவர் போட்டு அதில் ஏடிஎம் கார்டையும் ஆதார் கார்டையும் செருகிவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். யூபிஐ பின் நம்பரைப் புதிதாக அமைக்க என்ன வேண்டும்? டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கம், காலாவதி மாதம், சிம்முக்கு வரும் ஓடிபி. சில வங்கிகளில் கார்டுக்குப் பதில் ஆதார் எண்ணும் ஆதார் ஓடிபியும். அதாவது சாவி, பூட்டு, வீட்டு முகவரி மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்துவிட்டோம். என் கவரில் கார்டு இருந்தது. அன்று இரவு வங்கி ஆளிடம் பேசி முடிக்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த பொறி, வங்கியின் எண். கார்டின் பின்னால் இருக்கும், ஆனால் கார்டும் போய்விட்டதே! பதற்றத்தில் கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடாதீர்கள். அப்படித் தேடி வருபவர்களைப் பிடிப்பதற்கென்றே போலி எண்களைப் போட்டுவைத்திருக்கிறார்கள். பாஸ்புக்கைப் பாருங்கள், அல்லது வங்கியின் சொந்த இணையதளத்துக்கு நேராகப் போய் எடுங்கள். அதே வங்கியில் கணக்கு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் கார்டைத் திருப்பிப் பார்த்தாலும் ஆயிற்று.

நேரமும் புகார் எண்ணும் இங்கே ரொம்ப முக்கியம். 2017-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, நீங்கள் வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் நஷ்டத்தை வங்கிதான் ஏற்க வேண்டும். எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் வேண்டும்.

ஏற்கெனவே பணம் போய்விட்டது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் அப்புறம், 1930-ஐ அழையுங்கள். இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, போன பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

4. டூப்ளிகேட் சிம்

மறுநாள் காலை முதல் வேலை இதுவாக இருக்கட்டும். ஸ்டேஷன் கூட இதற்குப் பிறகுதான். இந்த எண் உயிர்பெறாமல் மெயில், வாட்ஸ்அப், யூபிஐ எதுவும் நகராது.

கொண்டுபோக வேண்டியது: அசல் ஆதார். அவ்வளவுதான். கடையில் விரல் ரேகை வைத்து, புகைப்படம் எடுத்து, அரை மணி நேரத்தில் கொடுத்துவிடுவார்கள். தெருமுனை ரீசார்ஜ் கடையைவிட நிறுவனத்தின் சொந்தக் கடைக்குப் போவது நல்லது. எனக்கு ஆன செலவு 50 ரூபாய். சில கடைகளில் புகார் நகல் கேட்கிறார்கள், கேட்டால் மட்டும் முதலில் ஸ்டேஷனுக்குப் போங்கள்.

சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் வர வேண்டும். ஆதார் கார்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன் என்றெல்லாம் நான் கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. நடக்கக் கூடாதுதான், அப்படி நடந்தால் யார் வேண்டுமானாலும் என் எண்ணை வாங்கிக்கொண்டு போய்விடுவார்களே. கடைசியில் மச்சான் ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலேயே ஒரு கடையில் வாங்கி எனக்குக் கூரியரில் அனுப்பினார். தமிழ்நாட்டுக்குள் எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம் என்பது அதுவரை இருவருக்கும் தெரியாது. அதிலேயே ஐந்து நாள் போயிற்று.

புது சிம் போட்டதும் பேச்சு வேலை செய்யும், எஸ்எம்எஸ் வராது. சிம் கெட்டுப்போனது என்று கடைக்குத் திரும்ப ஓடாதீர்கள். சிம் மாற்றி மோசடி செய்வதைத் தடுப்பதற்காக, புது சிம் உயிர்பெற்ற முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகாமலும் வராமலும் நிறுத்திவைக்கிறார்கள். ஓடிபி எதுவானாலும் மறுநாள்தான். வெளியூர் டிக்கெட், பணம் கட்டும் வேலை இருந்தால் அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

5. ஸ்டேஷனில் மனு

எஸ்எம்எஸ் வராத அந்த ஒரு நாளை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். போன் தொலைந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லைக்குள் வருகிறதோ அங்கே போவது வேலையைச் சுலபமாக்கும். ஓடுகிற பஸ்ஸில் போனால் எல்லைத் தகராறு வரும். பஸ் ஏறிய இடத்தைச் சொல்லுங்கள்.

மனுவை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போய்ப் பேப்பர் தேடினால் அரை நாள் போய்விடும். நான் கொடுத்தது கிட்டத்தட்ட இப்படி:

அனுப்புநர்: பெயர், தகப்பனார் பெயர், முகவரி, தொடர்புக்கு வேறொரு எண்.
பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள், …… காவல் நிலையம்.
பொருள்: செல்போன் காணாமல் போனது தொடர்பாக.
ஐயா, நான் …… அன்று மாலை சுமார் 6.40 மணிக்கு …… பேருந்தில் ஏறியபோது என் செல்போன் காணாமல் போய்விட்டது. கம்பெனி, மாடல், நிறம்: …… ஐ.எம்.இ.ஐ. எண்கள்: …… , …… அதில் இருந்த சிம் எண்: …… செல்போனைக் கண்டுபிடித்துத் தருமாறும், இம்மனுவுக்கு ரசீது வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

கூடவே பில் நகல், ஆதார் நகல். இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் அவர்கள் கையெழுத்து வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளலாம். ஆன்லைனில் வாங்கிய போன் என்றால் பழைய பில்லும் ஆர்டர் பக்கத்தில் கிடைக்கும். இரண்டு சிம் போடும் போனுக்கு ஐ.எம்.இ.ஐ. இரண்டு இருக்கும், ஒவ்வொன்றும் 15 இலக்கம். இரண்டையும் எழுதுங்கள். நான் ஒன்றில் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதி, அடுத்த நாள் ஸ்டேஷன் ரைட்டரிடம் போய் வழிந்து நின்றேன்.

வாங்கி வர வேண்டியது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் எண் போட்டுத் தரும் ரசீது. இதற்குப் பணம் கிடையாது. 'விட்டுட்டுப் போங்க, பார்த்துட்டுச் சொல்றோம்' என்றால் சரி என்று வந்துவிடாதீர்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த வேலை ஓடாது. இன்ஸ்பெக்டர் வரட்டும் என்றால் உட்கார்ந்திருங்கள். நான் இரண்டு தடவை போய், இரண்டாவது தடவை மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து வாங்கினேன்.

பிடுங்கிக்கொண்டு ஓடினான், பையைக் கிழித்து எடுத்தான் என்றால் அது திருட்டு, காணாமல் போனது அல்ல. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். போனுக்குக் காப்பீடு எடுத்திருந்தால் எந்தக் காகிதம் வேண்டும் என்று முதலிலேயே காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டுவிட்டு எழுதுவது புத்திசாலித்தனம்.

6. சி.இ.ஐ.ஆர். தளத்தில் போனையே முடக்குவது

மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்துக்குள் சி.இ.ஐ.ஆர். என்று ஒரு பகுதி இருக்கிறது. 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுவதற்கும் நடப்பில் உள்ளது. அங்கே பதிந்தால் உங்கள் ஐ.எம்.இ.ஐ. எண்ணை எல்லா நிறுவனங்களின் வலைப்பின்னலிலும் முடக்கிவிடுவார்கள். வேறு எந்த சிம் போட்டாலும் அந்தப் போனில் இந்தியாவில் பேச முடியாது.

படிவத்தில் கேட்பவை: தொலைந்த எண், ஐ.எம்.இ.ஐ., கம்பெனி, மாடல், தொலைந்த இடமும் நாளும், மாநிலம், மாவட்டம், ஸ்டேஷன், சி.எஸ்.ஆர். எண், ரசீதின் நகல், உங்கள் அடையாள அட்டை நகல். பில் இருந்தால் அதையும் ஏற்றுங்கள். கடைசியில் ஓடிபி வரும், அதனால்தான் சிம் வேலையை முதலில் முடிக்கச் சொன்னேன். செல்லில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் அளவு பெரிது என்று தள்ளிவிடும், சுருக்கிவிட்டு ஏற்றுங்கள். கட்டணம் இல்லை. 'நாங்கள் பதிந்து தருகிறோம், 500 ரூபாய்' என்று சில கடைகளில் சொல்வார்கள். பதினைந்து நிமிட வேலை, நீங்களே செய்யலாம்.

முடிந்ததும் ஒரு கோரிக்கை எண் தருவார்கள். அதை வீட்டில் இரண்டு இடத்தில் எழுதிவையுங்கள். போன் கிடைத்தால் முடக்கத்தை நீக்க அதுதான் வேண்டும். 24 மணி நேரத்துக்குள் முடக்கிவிடுகிறார்கள். முடக்கினால் போலீஸ் தேட முடியாதே என்று தயங்க வேண்டாம், எடுத்தவன் வேறு சிம் போட்டால் அந்தத் தகவல் அவர்களுக்குப் போய்ச் சேரும்.

7. மெயில், வாட்ஸ்அப், யூபிஐ

மெயிலின் கடவுச்சொல்லை மாற்றி, 'உங்கள் சாதனங்கள்' பகுதியில் பழைய போனை வெளியேற்றுங்கள். புதுப் போனில் வாட்ஸ்அப் பதிந்தாலே பழையதில் தானாக நின்றுவிடும். பழைய உரையாடல்கள் வர வேண்டுமென்றால் கூகுள் டிரைவில் பேக்கப் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் போனது போனதுதான்.

யூபிஐயைப் புதுப் போனில் அமைத்ததும் முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. வாடகை நாள் என்றால் முன்னமே யோசித்துக்கொள்ளுங்கள். வங்கியில் முடக்கியதைத் திறக்க என்னைக் கிளைக்கு நேரில் வரச் சொன்னார்கள், பாஸ்புக்கோடு போனேன். புது டெபிட் கார்டுக்கு 300 ரூபாயும் ஜிஎஸ்டியும் சேர்த்து 354 பிடித்தார்கள். தபாலில் வர ஒரு வாரம். இந்த இடைவெளிக்குக் கையில் கொஞ்சம் ரொக்கம் இருந்தால் நிம்மதி.

அவசரத்துக்குப் பழைய போன் வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, வாங்கப்போகும் போனின் 15 இலக்க எண் என்று அடித்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். உங்களைப் போல யாரோ தொலைத்து முடக்கிய போனா என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு பொறி. பத்துப் பதினைந்து நாள் கழித்து, 'உங்கள் போன் கிடைத்துவிட்டது, இருக்கும் இடத்தைப் பார்க்க இதை அழுத்தவும்' என்று ஒரு செய்தி வரலாம். அழுத்தினால் அச்சு அசலாகக் கூகுள் பக்கம் போலவே ஒன்று வந்து கடவுச்சொல் கேட்கும். பூட்டிய திரையில் நீங்கள் போட்டுவைத்த எண்ணைப் பார்த்துத்தான் போனை எடுத்தவர்கள் அனுப்புகிறார்கள். போனைத் திறந்து விற்க அவர்களுக்கு உங்கள் கடவுச்சொல் வேண்டும். ஐபோன்காரர்களுக்கு இது இன்னும் அதிகம் வருகிறது. அவர்கள் கணக்கிலிருந்து தொலைந்த போனை நீக்கவும் கூடாது. நீக்கினால் பூட்டை நாமே திறந்துவிட்ட மாதிரி.

8. கிடைத்துவிட்டால்

ஸ்டேஷனிலிருந்தோ எஸ்.பி. அலுவலகத்திலிருந்தோ அழைப்பார்கள். மீட்ட செல்போன்களை மேசையில் அடுக்கி ஒப்படைக்கும் படங்களைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். சி.எஸ்.ஆர். ரசீது, பில், ஆதார் மூன்றோடும் போங்கள். வாங்கியதும் சி.இ.ஐ.ஆர். தளத்தில் கோரிக்கை எண்ணைக் கொடுத்து முடக்கத்தை நீக்க வேண்டும். நீக்காமல் சிம் போட்டுவிட்டு, சிக்னல் வரவில்லை என்று சர்வீஸ் சென்டருக்குப் போகாதீர்கள். என் போன் இதுவரை கிடைக்கவில்லை.

போன் கையில் இருக்கும்போதே

இதைப் போனில்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். *#06# என்று அடியுங்கள். வரும் எண்களைத் தாளில் எழுதுங்கள், போனில் அல்ல.

சிம் உங்கள் பெயரில் இல்லையென்றால், பெயரில் இருப்பவர் ஊரில் இருக்கும்போதே இருவரும் கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள். அப்பா பெயரில், ஊரை விட்டுப் போன நண்பன் பெயரில் என்று எத்தனை சிம்கள் ஓடுகின்றனவோ!

சிம்முக்கே ஒரு பின் நம்பர் போடலாம், அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும். போட்டுவிட்டால் வேறு போனில் செருகினாலும் திறக்காது. ஆனால் முதல்முறை அது ஒரு பழைய பின் நம்பரைக் கேட்கும், அது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. கஸ்டமர் கேரில் கேட்காமல் ஊகித்து அடிக்காதீர்கள். மூன்று தடவை தப்பானால் சிம் பூட்டிக்கொண்டு பியூகே எண் (பூட்டை நீக்கும் எண்) கேட்கும், அதையும் பத்துத் தடவை தப்பாக அடித்தால் சிம் குப்பைக்குத்தான்.

பூட்டிய திரையில் எஸ்எம்எஸ் வாசகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தால் மறைத்துவிடுங்கள். எத்தனை பின் நம்பர் போட்டு என்ன, ஓடிபி வெளியே பளிச்சென்று தெரிந்தால்? கூகுள் கணக்கில் பேக்கப் குறியீடுகள் என்று எட்டு இலக்கத்தில் பத்து எண் தருவார்கள். ஒன்றை ஒரு தடவை பயன்படுத்தலாம், ஓடிபி இல்லாமல் உள்ளே போகலாம். அது மட்டும் இருந்திருந்தால் எனக்கு முதல் நாள் மெயில் திறந்திருக்கும்.

ஃபிளிப் கவரைத் தூக்கி எறிந்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதில் இடம் இருந்தால் கை தானாகக் கார்டைச் செருகுகிறது. பழைய பட்டன் போன் ஒன்றை மாதம் ஒரு தடவை சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். பீரோ கதவின் உள்பக்கம், கல்யாணப் பத்திரிகை ஒட்டுகிற இடத்தில், ஐ.எம்.இ.ஐ. எண்கள், வங்கி எண், கூகுள் குறியீடுகள் எழுதிய தாள் செலோ டேப்பில் ஒட்டியிருக்கிறது. மச்சானின் பிறந்த தேதியும் அதில் இருக்கிறது.